குட்டநாட்டுக் கள்ளு ஷாப்பு: கறிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், கள்ளைக் கேட்டுத்தான் வாங்கணும்

கேரளத்தின் குட்டநாட்டில், ஆலப்புழையிலிருந்து சங்கனாச்சேரிக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் வயலும் வாய்க்காலும்தான். நடுநடுவே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கள்ளு' என்று எழுதியிருக்கும், கூடவே ஷாப்பு எண். மலையாளத்தில் ஷாப்பு என்றாலே கள்ளுக்கடைதான். 'ஷாப்புக் கறி' என்று தனிச் சமையல் வகையே அதிலிருந்து பிறந்திருக்கிறது. சின்ன ஊரில் சாப்பாட்டுக் கடையிலேயே குடியும் பரிமாற விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் ஒரு மதியம் இங்கே உட்கார்ந்து பார்க்கலாம்.

நம்மூர் டாஸ்மாக் பாரில் சரக்கு ஒரு ஜன்னலில், உட்காரும் இடம் வேறொருவர் ஏலம் எடுத்தது. பாட்டிலோடு வருகிறவன் எப்படியும் வருவான், அதனால் சுண்டலுக்கு உப்பு இருக்கிறதா என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஷாப்பில் கள்ளைத் தொடாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு, குடும்பத்துக்கென்று தடுப்பு வைத்த அறையும் பல இடங்களில் உண்டு. அடுப்பு சரியில்லை என்றால் அந்தக் கூட்டம் வராது.

முதலில் கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு. நிறைய தண்ணீரில் வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நல்ல கடைகளில் இரண்டாவது தண்ணீரும் மாற்றுவார்கள். வடிக்காமல் விட்டால் கசப்பு நிற்கும், அந்தக் கசப்பு உடம்புக்கும் ஆகாது. பிறகுதான் தேங்காய், மஞ்சள், பூண்டு, காந்தாரி மிளகாய் அரைத்த விழுது சேர்த்துக் கிளறுவது. கரண்டியை நிமிர்த்தினால் கட்டியாக உதிர வேண்டும். பசைபோல ஒட்டினால் தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம்.

மீன்கறிக்குக் குடம்புளிதான். நம் புளி போட்டால் குழம்பு, குடம்புளி போட்டால் கறி. மண்சட்டியில் முந்தின நாள் வைத்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு ராத்திரி ஊறினால்தான் புளிப்பு மீனுக்குள் இறங்கும். வாத்து வறுவலில் அவசரம் தெரிந்துவிடும்: சரியாக வேகாத வாத்து ரப்பர். கக்கா, அதாவது மட்டி இறைச்சி, நன்றாக அலசாமல் வந்தால் முதல் வாயிலேயே மணல் கடிபடும். அப்படி வந்த தட்டைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். எல்லாவற்றிலும் காரமும் உப்பும் ஒரு படி கூடுதல்தான். கள்ளு இன்னொரு குப்பி போக வேண்டுமே!

இனி கள்ளு. தென்னம்பாளையைக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் சாறு சொட்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டே வேலையை ஆரம்பித்துவிடும். இரண்டு மணி நேரத்திலேயே ஆல்கஹால் 4% வரை ஏறலாம். மறுநாள் காடிதான், அதாவது வினிகர்.

இந்தக் கணக்கு தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். காலையில் இறக்கியது பகல் முழுக்க வெளியே இருந்திருந்தால் மாலை மூன்று மணிக்குப் புளித்திருக்க வேண்டும். அப்போதும் தேனாக இனித்தால் ஒன்று குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள், இல்லை சாக்கரின். விழுங்கிய பிறகும் நாக்கின் பின்புறம் இனிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தால் இரண்டாவதுதான். நல்ல கள்ளில் குமிழ் ஓயாமல் மேலே வரும். வெறும் பால்போலக் கிடந்து, தொண்டையில் சுரீர் என்று இறங்கினால் ஸ்பிரிட் கலந்ததோ என்று சந்தேகம். இதற்காகத்தான் கேரள விதி தென்னங்கள்ளுக்கு 8.1% என்று உச்ச வரம்பு வைத்திருந்தது, கலால்காரர்கள் மாதிரி எடுத்தார்கள். ஆனால் குப்பியில் கிடக்கும்போதே ஆல்கஹால் ஏறும் பொருளுக்கு இப்படி ஒரு கோடு போட்டால், கலக்காத கடைக்காரரும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய கேள்வி: "சேட்டா, இது இங்கே இறக்கியதா, சித்தூர்க் கள்ளா?" குட்டநாட்டில் தென்னைக்குப் பஞ்சமில்லை, ஏறிச் சீவ ஆள்தான் இல்லை. அதனால் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து வண்டியில் வருகிறது. நாலைந்து மணி நேரப் பயணத்தில் குலுங்கிக் குலுங்கிப் பாதி புளித்துவிடும். கெட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் 'இளங்கள்ளு', அதாவது புதிதாக இறக்கியது, என்ற பெயரில் அதற்கு விலை கொடுக்க வேண்டாம். உள்ளூர்ச் சரக்கு வேண்டுமானால் சீவுகிறவர் கலயத்தோடு வந்து இறங்கும் நேரத்தில், காலையிலேயே போய்விடுங்கள். அந்தச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து எல்லை தாண்டி வந்தால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளே தடை. தென்னை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

கார் ஓட்டி வந்தவர் கள்ளைத் தொடக் கூடாது. 'வெறும் கள்ளுதானே' என்பது தப்புக் கணக்கு. 650 மில்லி குப்பியில் 6% என்றால் சுமார் 31 கிராம் ஆல்கஹால். 60 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் ஏறும். சட்டம் விடுவது 30. பார்சல் வாங்கினால் மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். கேரளத்தில் மது வாங்க 23 வயது ஆகியிருக்க வேண்டும்.

மதிப்பெண் போட்டால் கறிக்குப் பத்துக்கு ஒன்பது. கள்ளுக்குக் காலையில் எட்டு, மாலையில் நாலு. கழிவறைக்குப் பெரும்பாலும் ஒன்று, அதுவும் தண்ணீர் வந்தால்.