வன்னி வளவுக்கு எந்தப் புல்லு வெட்டுற மெசின்?

மாரி ஓய்ந்து தை பிறக்கையில் பரந்தன், மாங்குளம், முள்ளியவளைப் பக்கம் வளவுக்குள் நிற்பது புல்லில்லை, பத்தை. இடுப்பளவு கினிப்புல், அடியில் இலுக்கு, வேலியோரம் பார்த்தீனியம். இதைச் சொன்னால் கடையில் எடுத்து வைப்பது 52 சிசி. முக்கால்வாசி வளவுக்கு அது வீண் பாரம்.

ஸ்டிக்கரை விட்டுவிட்டு எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கோ. சீனத்து மெசின்களில் 1ஈ40எஃப்-5 என்றிருந்தால் சிலிண்டர் விட்டம் 40 மில்லிமீற்றர், அது 42.7 சிசி. 1ஈ44எஃப்-5 என்றால் 44 மில்லிமீற்றர், 51.7 சிசி. வெளியில் 52 சிசி என்று ஒட்டியிருக்க உள்ளே 1ஈ40எஃப் இருப்பதும் உண்டு. 1ஈ40எஃப் கெட்டதில்லை, இரண்டு ஏக்கர் காணிக்கு அதுவே தாராளம். விலையை மட்டும் அதற்கேற்ப பேசுங்கோ.

வீட்டைச் சுற்றி அரை ஏக்கர்தான் என்றால் ஹொண்டா ஜிஎக்ஸ்35 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் நல்லது: 35.8 சிசி, பெற்றோலில் ஒயில் கலக்கத் தேவையில்லை, சத்தமும் குறைவு. எஞ்சினுக்குள் 100 மில்லிலீற்றர் ஒயில்தான் பிடிக்கும். கூட விட்டால் புகை தள்ளும், மறந்தால் எஞ்சின் பிடித்துவிடும்.

மேலே சொன்ன சீனத்து மெசின்கள் டூ ஸ்ட்ரோக், பெற்றோலில் ஒயில் கலக்கவேண்டும். காசு கரைவது அந்தக் கலவையில். புத்தகத்தில் 25:1 என்றிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லி ஒயில். 50:1 என்றால் 20 மில்லி. கண்மட்டத்தில் ஊற்றாமல், பாமசியில் ஒரு சிரிஞ் வாங்கி வைத்து அளவுங்கோ. 92 ஒக்டேன் போதும். மோட்டார்சைக்கிளுக்கு விடும் 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) ஒயில் இதற்கு ஆகாது. வெறும் பெற்றோலில் ஓடினால் சில நிமிடத்திலேயே பிஸ்டன் கீறிவிடும். ஒயில் கூடினால் பிளக் நனைந்து, சைலன்சர் கரி பிடித்து அடைக்கும். கலந்ததை ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். வேலை முடிந்தால் தாங்கியை வடித்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கோ. இல்லாவிட்டால் கார்பரேற்றருக்குள் இருக்கும் டயாஃப்ரம் விறைத்துப்போகும். பிறகு சோக்கில் ஸ்ராட் ஆகும், சோக்கைத் திறந்ததும் செத்துப்போகும். கராஜில் பிளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். குற்றம் பிளக்கில் இல்லை.

எஞ்சினையும் வெட்டுத் தலையையும் இணைக்கும் குழாயின் விட்டம் 26 மில்லிமீற்றரா 28-ஆ என்று அளந்து, கொப்பியில் எழுதி வையுங்கோ. குழாயின் நுனியில் இருக்கும் கியர் பெட்டி உடையும் நாளில் அந்த ஒரு இலக்கம் தெரியாமல் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் அலைபவர்கள் நிறைய.

தங்கூசி (வெட்டும் நைலோன் நூல்) வளவுப் புல்லுக்கு 2.4, கினிப்புல்லுக்கு 3 மில்லிமீற்றர். கோடையில் நைலோன் காய்ந்து துண்டு துண்டாய்ப் பறக்கும். ஓரிரவு தண்ணீரில் ஊறவிட்டால் பதம் வரும். மெசினின் நூல் தலைக்குள் அதைச் சுற்றும்போது அம்புக்குறிப் பக்கமாக, இரண்டு நூலும் குறுக்கிடாமல் சுற்றவும். குறுக்கிட்டால் சூட்டில் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, நிலத்தில் தட்டினாலும் நூல் வராது. ஒரு வயதுக் கன்றின் தோலை இந்த நூல் வளையமாய் உரித்துவிடும். மா, தேசிக் கன்றுகளைச் சுற்றி ஒரு முழம் கையால் பிடுங்குவதுதான் வழி.

இலுக்கும் பத்தையும் மூன்று பல்லுத் தகட்டுக்கு. தகட்டின் நட்டு இடது மரை: கியர் பெட்டித் துளையில் ஊசியைச் செருகி, வலப்பக்கம் சுற்றினால்தான் கழரும். இடப்பக்கம் ஸ்பானரில் ஏறி மிதித்து மரையை அழித்த நட்டுகள் எந்தக் கராஜிலும் கிடக்கும். வெட்டும்போது வலமிருந்து இடமாக வீசுங்கோ, வெட்டுப்பட்டது வெட்டிமுடித்த பக்கம் விழும். முட்கம்பி வேலிக்கு அருகே தகடு வேண்டாம். கண்ணாடி கட்டாயம், 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக்கூடாது. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத காணிக்குள் எந்த மெசினும் இறங்கக்கூடாது, அதில் பேச்சே இல்லை.

வாங்கும்போது கடை வாசலிலேயே ஸ்ராட் பண்ணி, அக்ஸிலேற்றரை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கோ. அது நிற்க வேண்டும். சுற்றினால் ஐடில் ஸ்குரூவைக் குறைக்கச் சொல்லுங்கோ. அப்படியும் சுற்றினால் கிளச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், வேறொரு புது மெசினின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கோ.