துறுதுறு குழந்தையோடு ஹோட்டலுக்கு: சாதா ஹாலா, ஏசி ஹாலா?

ஒன்றரை வயசுக் குழந்தை ஓரிடத்தில் உட்காருவது 15 நிமிடம், மிஞ்சினால் 20. அதற்குள் இட்லி வந்துவிடும் என்பதால் எங்கள் ஓட்டு சாதா ஹாலுக்கே. இரைச்சலில் அழுகையும் அமுங்கிப்போகும். ஆபத்து நடைவழியில்தான்: சர்வர் கையில் கொதிக்கும் சாம்பார் வாளி. குழந்தையைச் சுவரோரம் உட்கார வையுங்கள். டபரா காபியை எட்டாத தூரத்தில் தள்ளுங்கள். இட்லியைப் பிட்டு ஆறவிட்டுக் கொடுங்கள். சாம்பாரில் ஊறினால் மேலே ஆறினாலும் உள்ளே சுடும்.

ஏசி ஹாலில் குழந்தை நாற்காலி உண்டு, ஆனால் இடுப்புப் பட்டை பல இடங்களில் இருக்காது. மேசையைக் காலால் உதைத்தால் நாற்காலி பின்னால் சாயும். நான் ரொட்டி, கிரேவி வர அரைமணி ஆகலாம். தயிர்சாதத்தை முதலில் சொல்லுங்கள், சாப்பாடு வந்ததுமே பில் கேளுங்கள். இரவு 8 மணிக்கு மேலா? பேசாமல் பார்சல்.