என்எஸ்எஸ்ஸா, என்சிசியா?

முதல் வருடம் கல்லூரியில் சேர்ந்ததும் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்), என்சிசி (தேசிய மாணவர் படை) இந்த இரண்டுக்கும் பெயர் கேட்டு வருவார்கள். பலர் வருகைப்பதிவுச் சலுகைக்காகத்தான் கை தூக்குகிறார்கள், அதில் தப்பில்லை.

1969-ல் தொடங்கிய என்எஸ்எஸ்ஸில் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, நடுவில் ஏழு நாள் கிராம முகாம், அவ்வளவுதான். அந்த முகாம்தான் ருசியே: ஊராட்சிப் பள்ளி வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்து, காலையில் சீமைக் கருவேல முள்ளை வெட்டிக் கையெல்லாம் கீறல், சாயங்காலம் அதே ஊர்ப் பிள்ளைகளோடு நாடகம், பாட்டு. அதுவரை பேசாத வேறு துறைக்காரர்கள் சாம்பார் வாளி தூக்குகிற சாக்கில் நண்பர்களாகிவிடுவார்கள். ஆனால் திட்ட அலுவலர் சோம்பலானவராக இருந்தால் வளாகத்தைக் கூட்டிப் போட்டோ எடுப்பதோடு சரி, முதலில் சீனியர்களிடம் விசாரித்துவிடுங்கள்.

என்சிசி அப்படியில்லை. சேரவே ஓடிக் காட்ட வேண்டும். அப்புறம் ஒட்ட வெட்டிய முடி, பாலிஷ் போட்ட பூட்ஸ், வெயிலில் அணிவகுப்பு. இரண்டாம் வருடம் பி, மூன்றாம் வருடம் சி சான்றிதழ்த் தேர்வு. சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால், ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் என்சிசி சிறப்பு நுழைவு வழியாக விண்ணப்பிக்கலாம், பட்டியலில் தேர்வானால் நேராக எஸ்எஸ்பி எனும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணல்தான். சீருடை ஆசை கொஞ்சமாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். அந்த ஆசை இல்லாமல் மூன்று வருடம் தாக்குப்பிடிப்பது கஷ்டம், பாதியில் நின்றவர்கள் நிறைய.