மாலத்தீவு ரிசார்ட்: அறையைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்

மாலத்தீவில் பா அட்டோல் என்ற வளைய வடிவப் பவளத் தீவுக்கூட்டத்தில் ஒரு ஐந்து நட்சத்திர ரிசார்ட்டில் தங்கிவிட்டு வந்தோம். பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு இடத்தின் குறை மட்டும் இல்லை. ஜூலையில் போனோம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதம். அங்கே அதை ஹுல்ஹங்கு என்கிறார்கள். மழை உண்டு, கடல் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், அதனால் வாடகையும் குறைவு.

வில்லா, சாப்பாடு, கவனிப்பு மூன்றிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லாவில் படியிறங்கினால் நேராகக் கடல். காலையில் குட்டிச் சுறாக்கள் முழங்கால் ஆழத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கும், ஒன்றும் செய்யாது. காலை உணவில் மாஸ் ஹுனி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்: டியூனா, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து, சப்பாத்தி மாதிரியான ரொஷியோடு தருவார்கள். பஃபேயில் இருந்த மற்ற எதையும்விட எனக்கு அதுதான் பிடித்தது.

இனி கரைக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். தீவின் மேற்குப் பக்கம் நடந்தால் மணல் திடீரென்று முடிந்துவிடுகிறது. தென்னை மரங்களின் வேர் வெளியே தெரிகிறது, இரண்டு மரம் கடலுக்குள் சாய்ந்தே கிடந்தது. அதற்கப்புறம் பெரிய பெரிய மணல் மூட்டைகளை அடுக்கிச் சுவர் மாதிரி வைத்திருக்கிறார்கள், மேலே பச்சைப் பாசி படிந்து கால் வைத்தால் வழுக்குகிறது. விளம்பரப் படம் எதிலும் இந்தப் பக்கம் இல்லை. அதிகாலையில் போனால் இன்னொன்றும் பார்க்கலாம்: ஆழமில்லாத கடலின் அடியிலிருந்து மணலை பம்ப் வைத்து உறிஞ்சி, தடித்த குழாய் வழியாகக் கரையில் கொட்டுகிறார்கள். விருந்தினர்கள் எழுந்து வருவதற்குள் வேலையை முடித்துவிடுகிறார்கள், ஆனால் அந்தப் பக்கத் தண்ணீர் மதியம் வரை பால் மாதிரி கலங்கியே இருக்கிறது.

தோட்ட வேலை பார்க்கும் ராமநாதபுரத்துப் பையன் ஒருவனிடம் கேட்டேன். "இந்த மாசம் மண்ணு எல்லாம் கிழக்குப் பக்கம் போயிரும்ணே, டிசம்பர்ல காத்து மாறுனா திரும்பி வரும். ஆனா சுவரு கட்டுன இடத்துல வர்றதில்ல" என்றான். விஷயம் அதுதான். இந்தத் தீவுகள் எல்லாமே பவள மணலால் ஆனவை, காற்று மாறும்போது மணல் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் போய்வருவது அவற்றின் இயல்பு. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுவரும் படகுத்துறையும் கட்டிவிட்டு, வருஷம் முழுக்க எல்லா வில்லாவுக்கு முன்னாலும் வெள்ளை மணல் இருந்தே ஆக வேண்டும் என்றால் பம்ப் போடத்தான் வேண்டியிருக்கும்.

பம்ப் போட்டால் கிளம்பும் வண்டல் பவளத்தின் மேல் படிந்து அதை மூச்சுமுட்ட வைக்கிறது. கரையை நோக்கி வரும் அலையின் வேகத்தை உடைப்பது அந்தப் பவளப்பாறைதான், கரைக்கு மணல் கொடுப்பதும் அதுதான். ஸ்நோர்கெல் என்ற மூச்சுக்குழாயைப் போட்டுத் தலையை அமிழ்த்தினால் கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் கறுக் கறுக் சத்தம் காதில் நன்றாகவே கேட்கும், அவை அரைத்துக் கழிவாக வெளியேற்றுவதுதான் நாம் படுத்து வெயில் காயும் மணலில் பெரும்பகுதி. அந்தப் பாறை ஏற்கெனவே அடிபட்டது. 1998-லும் 2016-லும் கடல் சூடாகி மாலத்தீவு முழுக்கப் பவளம் வெளுத்துப்போனது. நாங்கள் இருந்த இடத்தில் படகுத்துறைக்குப் பக்கத்தில் உடைந்த குச்சிகளாகக் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி வடக்கு முனையில் மட்டும் புதிதாக மான்கொம்புப் பவளம் நீல நுனியோடு முளைத்திருந்ததைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இந்த நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. கடலோ ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது. 2009 அக்டோபரில் அப்போதைய அதிபர் முகமது நஷீத் அமைச்சர்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தியது உலகத்தின் கவனத்தை இழுக்கத்தான். தலைநகர் மாலேயைச் சுற்றிக் கான்கிரீட் தடுப்பு இருக்கிறது, பக்கத்தில் ஹுல்ஹுமாலேயைக் கடலைத் தூர்த்து இரண்டு மீட்டர் உயரத்தில் எழுப்பியிருக்கிறார்கள். சின்னத் தீவுகளுக்கு அந்த வசதி கிடையாது, அவற்றுக்குப் பாறைதான் காவல். அதனால்தான் பம்ப் பார்த்து எனக்கு இவ்வளவு கோபம் வந்தது. முன்பதிவில் எங்களுக்கு வந்த மின்னஞ்சல்களில் பவளப் பாதுகாப்பு பற்றி எவ்வளவோ எழுதியிருந்தார்கள். மேலாளரிடம் நேரிலேயே கேட்டேன், மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் விருந்தினர்கள் மணல் இல்லாத வில்லாவை ஏற்பதில்லை என்றார். அப்படியென்றால் நாம்தான் கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். எனக்கு வில்லா முன்னால் ஆறு மாசம் மணல் இல்லாவிட்டாலும் சம்மதம் என்று முன்பதிவுக் குறிப்பிலேயே எழுதிக் கேளுங்கள், மணல் பம்ப் போடுகிறீர்களா, கடல் உயிரியலாளர் ஒருவர் தங்கி வேலை பார்க்கிறாரா என்றும் கேளுங்கள். பதில் வழவழ என்று இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, காட்டும் வாடகையை நம்பிக் கிளம்பாதீர்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி, ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. தண்ணீரில் இறங்கும் சீபிளேன் விமானத்துக்குத் தனிக் கட்டணம். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், உங்கள் விமானம் சாயங்காலம் இறங்கினால் அன்றிரவு மாலே பக்கம் தங்கி மறுநாள் காலையில்தான் போக முடியும்.

அதே பா அட்டோலில் இருக்கும் ஹனிஃபாரு விரிகுடாவைத் தவறவிடாதீர்கள். மழை மாதங்களில் மிதவை உயிரிகளைத் தின்ன மான்டா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. ஸ்நோர்கெல் மட்டும்தான், காற்று உருளையோடு இறங்க அனுமதி இல்லை, நேரக் கட்டுப்பாடும் உண்டு. ஒரு பெரிய திருக்கை வாயைத் திறந்தபடி எனக்கு அடியில் வந்து, தொடும் தூரத்தில் வயிற்றைக் காட்டித் திரும்பியது, கையை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். இதற்காக ரிசார்ட்டில்தான் தங்க வேண்டும் என்றில்லை. பக்கத்துத் தரவந்தூ தீவில் விமான நிலையம் இருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் நடத்தும் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன, அங்கிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். மது கிடையாது, ஊருக்குள் உடையில் கவனம் வேண்டும். அடுத்த முறை ரிசார்ட்டைக் கடைசி இரவுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அங்கேதான் தங்கப்போகிறோம்.