உப்பளப் பாத்திகளும் ஆர்தோகிராபிக் கேமராவும்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் புத்தளம், சாமிதோப்பு பக்கத்து உப்பளங்களைச் சாலையோரம் நின்று பார்த்தால், அருகிலுள்ள பாத்தி பெரிதாகவும் கடைசிப் பாத்தி வெறும் கோடாகவும் தெரியும். கண்ணுக்கு அது அழகு. அந்தப் பாத்திகளை வைத்து நான் உருவாக்கிவரும் கணினி விளையாட்டில் அப்படித் தெரிந்தால் ஆட்டமே கெட்டுவிடும். எந்தப் பாத்தியில் நீர் வற்றியிருக்கிறது, எதில் உப்பு வாரலாம் என்று ஆடுகிறவர் ஒரே பார்வையில் ஒப்பிட வேண்டும். அதனால்தான் தொலைவு எதையும் சிறிதாக்காத ஆர்தோகிராபிக் கேமராவை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துகிறேன். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இடையில் அதே வகை மென்பொருளான கோடோவிலும் ஒரு முன்மாதிரி செய்து பார்த்தேன்.

என் உப்பளம் 12 நெடுவரிசை, 8 கிடைவரிசை. ஒரு பாத்தி ஓர் அலகு. யூனிட்டியில் கேமராவின் அளவு என்று கொடுக்கும் எண், திரையில் தெரியும் உயரத்தில் பாதி. தொடக்கத்தில் அது 5 என்று இருக்கும். அதாவது 10 அலகு உயரம் தெரியும். எனக்கு 8 வரிசை என்பதால் 4 என்று கொடுத்தேன். என் மடிக்கணினியின் 16:9 திரையில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) உயரம் கச்சிதமாகப் பொருந்தியது, அகலத்திலும் இடம் மிஞ்சியது. வேலை முடிந்தது என்று நம்பி ஆறு மாதம் வேறு பகுதிகளைக் கவனித்தேன்.

மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் மகனிடம் ஆடக் கொடுத்தேன். அவனிடம் இருந்தது 4:3 திரை கொண்ட டேப்லெட். கொஞ்ச நேரத்தில், "மாமா, ஓரத்துப் பாத்தி பாதிக்கு மேல் வெளியே போய்விட்டதே, இதற்கு எப்படித் தண்ணீர் திறப்பது?" என்று கேட்டான். கணக்குப் போட்டால் காரணம் உடனே விளங்கியது. உயரம் 8 அலகு என்றால் அந்தத் திரையில் அகலம் 10.67 அலகுதான். இருபுறமும் முக்கால் பாத்திக்குச் சற்றுக் குறைவாக வெட்டுப்பட்டிருந்தது. கேமரா உயரத்தை மட்டுமே நம்மிடம் கேட்கிறது. அகலத்தைத் திரையே முடிவு செய்துகொள்கிறது. இந்தக் கேமராவோடு பழகுகிறவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான்.

அன்றிலிருந்து அந்த எண்ணைக் கையால் எழுதுவதே இல்லை. கட்டங்களிலிருந்தே அது பிறக்கிறது. கிடைவரிசைகளில் பாதி ஓர் எண். நெடுவரிசைகளைத் திரையின் அகல–உயர விகிதத்தால் வகுத்து, அதில் பாதி இன்னோர் எண். இரண்டில் பெரியதைக் கேமராவுக்குக் கொடுக்கிறேன். 16:9 திரைக்கு 4 மற்றும் 3.375, ஆகவே 4. டேப்லெட்டுக்கு 4 மற்றும் 4.5, ஆகவே 4.5. சுற்றிலும் வரப்பு தெரிய ஒவ்வொரு பக்கமும் அரை அலகு கூட்டினால் 13க்கு 9 ஆகும். அப்போது முறையே 4.5, 4.875.

20:9 செல்பேசியில் வரப்பைச் சேர்க்காமலே பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று பாத்தி அகலம் காலியாகக் கிடக்கும். கறுப்புப் பட்டையாக விட எனக்கு மனம் வரவில்லை. பின்னணிப் படத்தை அகலமாக வரைந்து, தென்னை வரிசையையும் மணக்குடிக் காயலையும் அங்கே வைத்தேன். பொத்தான்களும் அங்கேதான் இருக்கின்றன.

கேமராவை நிறுத்தும் இடமும் முக்கியம். பாத்திகளின் இடது கீழ் மூலை சுழியத்தில் தொடங்கினால் நடுப்புள்ளி 6, 4. பாத்திகளின் மையங்கள் முழு எண்களில் விழுந்தால் அது 5.5, 3.5. இந்த அரைப்பாத்திப் பிசகை அளவின் பிழை என்று எண்ணி இரண்டு நாள் தேடினேன். கோடோவின் முப்பரிமாணக் கேமராவில் அளவு என்பது பாதி உயரமன்று, முழு உயரம். விரும்பினால் அதையே அகலமாகவும் வைத்துக்கொள்ளலாம். பழைய வழக்கத்தில் 4 என்று எழுதியதால் அங்கே உப்பளத்தின் பாதி உயரம்தான் தெரிந்தது.

பிக்சல் ஓவியம் வரைகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. என் ஓவியத்தில் ஒரு பாத்தி 32 பிக்சல். 1080 பிக்சல் உயரத்தில் 9 அலகு காட்டினால் ஒரு பாத்திக்கு 120 பிக்சல், அதாவது 3.75 மடங்கு. முழு மடங்காக இல்லாததால் ஒரு வரப்பு தடித்தும் அடுத்தது மெலிந்தும் தெரிந்தது. நான்கு மடங்குக்கு, 128 பிக்சலுக்கு, மாற்றினேன். கேமரா அளவு 4.21875 ஆனது. சுற்று வரப்பு ஒடுங்கிப்போனாலும் கோடுகள் சீராயின. அந்த மாற்றத்தில் எனக்கு முழுத் திருப்தி.

கேமராவை 45 பாகை திருப்பி, தரையோடு 30 பாகை கோணத்தில் சாய்த்தும் ஒருமுறை பார்த்தேன். உப்பளத்தின் அகலம் 14.14 அலகாகவும் உயரம் 7.07 ஆகவும் மாறின. இதுவரை உயரம் தீர்மானித்த அதே 16:9 திரையில் இப்போது அகலம் தீர்மானித்தது. பாதி உயரம் 3.54 போதாமல் 3.98 தேவைப்பட்டது. கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் விரலால் பாத்தியைத் தொடுவது கடினமாகிவிட்டதால் நேர்மேல் பார்வைக்கே திரும்பிவிட்டேன்.

அண்மையில் மடக்குச் செல்பேசியில் ஆடிய நண்பர், நடு ஆட்டத்தில் திரையை விரித்ததும் காட்சி பிசகியதாகச் சொன்னார். அளவை ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை கணக்கிட்டது என் தவறு. இப்போது திரையின் அகலமோ உயரமோ மாறும்போதெல்லாம் அது மறுபடி கணக்கிடப்படுகிறது. திரையின் மேலே கேமராத் துளைக்கு விட வேண்டிய இடத்தையும் அதே கணக்கில் கழிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.