கடிபட்ட நாயை மறுபடி வெளியே கூட்டிப்போக: வாய்க்கூடை, ஹார்னஸ், மூன்று மீட்டர் லீஷ்

இன்னொரு நாயிடம் கடிபட்ட நாய், காயம் ஆறிய பிறகும் அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கியதுமே விறைத்து நிற்கும். தூரத்தில் ஒரு வால் தெரிந்தால் பாய்ந்து குரைக்கும். திமிர் ஏறிவிட்டது என்று நினைத்துக் கழுத்தை இறுக்கும் சங்கிலியோ முள் காலரோ வாங்கிவிடுகிறார்கள். திமிர் இல்லை, பயம். இன்னொரு நாயைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கழுத்து வலித்தால், நாய் வந்தால் வலி வரும் என்பதுதான் அதன் மனத்தில் பதியும். அந்தப் பணத்துக்கு வாங்கவேண்டியவை வேறு. அதற்கும் முன்னால் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்: பல் இறங்கிய துளை வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். வலி தீராத நாயை எந்தக் கருவியும் அமைதிப்படுத்தாது.

நாய் கடிக்காமலிருக்க முகத்தில் மாட்டும் வாய்க்கூடையில் பலரும் வாங்குவது பாஸ்கர்வில் அல்ட்ரா. வளைந்துகொடுக்கும் ரப்பர் வகை, ஆறு அளவுகளில் வருகிறது. வெந்நீரில் இளக்கி முகத்துக்கேற்ப வளைத்துக் குளிர்ந்த நீரில் முக்கினால் அந்த வடிவம் நிற்கும். இடைவெளி வழியே தீனி கொடுக்கலாம், நாய் தண்ணீரும் குடிக்கும். நெற்றி மேலே போகும் கூடுதல் வாரைச் சிலர் தொந்தரவு என்று கழற்றிவிடுகிறார்கள். கழற்றாதீர்கள். முன்னங்காலால் கூடையை உருவிவிடத் தெரிந்த நாய்க்கு அதுதான் பிடிப்பு.

கவனிக்கவேண்டியது ஆழம். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. சிங்கப்பூர் போல 31, 32 டிகிரி வெயிலும் ஈரக்காற்றும் உள்ள ஊரில், வாய் அகலத் திறந்து நாக்கு தொங்க இடமில்லாத கூடை ஆபத்து. அதனால் வாய் மூடியிருக்கும்போது எடுத்த சுற்றளவை மட்டும் நம்பி வாங்கவேண்டாம். விளையாடி முடித்து இரைக்கும்போது வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். மூக்கு நுனிக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும், மேல் விளிம்பு கண்ணில் உரசக்கூடாது. இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதை எடுங்கள். துணியில் தைத்த குழாய் போன்றது, மருத்துவர் ஊசி போடும் சில நிமிடத்துக்குச் சரி, நடைக்கு வேண்டவே வேண்டாம். பக், ஷிட்சு போன்ற தட்டை முகங்களுக்குப் பாஸ்கர்வில் வடிவம் பொருந்தாது.

வாங்கிய அன்றே மாட்டிக்கொண்டு கீழே இறங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இரண்டு வாரம் வீட்டுக்குள் பழக்குங்கள். உள்பக்கம் அவித்த கோழியை வைத்து, மூக்கை நாயே நுழைக்கட்டும், நீங்கள் தள்ளக்கூடாது. நாலைந்து நாள் வாரைப் பூட்டவே வேண்டாம். பிறகு ஒரு விநாடி, ஐந்து விநாடி, அப்புறம் வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று. கூடை பயத்தைப் போக்காது. லீஷ் (நாயைப் பிடித்துக்கொள்ளும் வார்) பிடிக்கும் கையின் பதற்றத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை தளர்ந்தால்தான் லீஷும் தளரும். சண்டைக்குப் பிறகு பதுங்குவது மட்டுமே செய்கிற, கடிக்காத நாய்க்கு இந்தச் செலவு தேவையில்லை. சட்டப்படி வாய்க்கூடை கட்டாயமாக உள்ள இனங்களுக்கு மட்டும் இந்தத் தெரிவு இல்லை.

கழுத்துக்குப் பதில் உடம்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸில் மார்பு நடுவே வளையம் உள்ள, ஆங்கில ஒய் எழுத்து வடிவத்தை எடுங்கள். தோள்பட்டைக்குக் குறுக்கே பட்டை ஓடும் வகை முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். வாருக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பயந்த நாய் பின்னால் நகர்ந்தே ஹார்னஸை உருவிவிடும். அதனால் ஹார்னஸிலிருந்து காலருக்கு ஒரு சிறிய இணைப்பு வார் போடுங்கள். மழைக்குப் பிறகு அக்குள் பக்கம் தோல் சிவந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

லீஷ் மூன்று மீட்டர், பட்டையானது. தானே சுருளும் லீஷை ஒதுக்கிவிடலாம்: எப்போதும் இழுவை இருந்துகொண்டே இருக்கும், கைப்பிடி நழுவினால் தடதடவென்று நாயின் பின்னாலேயே ஓடி அதை இன்னும் மிரட்டும். நைலான் மழையில் நனைந்தால் நாறும்; பிளாஸ்டிக் பூச்சு உள்ள பயோதேன் துடைத்தால் போதும்.

இத்தனையும் வேலை செய்வது தூரம் இருந்தால்தான். இன்னொரு நாயைப் பார்த்த பிறகும் உங்கள் பக்கம் திரும்பித் தீனி வாங்க முடிகிற தூரத்தில் தொடங்குங்கள். முப்பது மீட்டரோ ஐம்பதோ, அது உங்கள் நாய் சொல்லும் கணக்கு. முதலில் நாய் கண்ணில் படவேண்டும், அப்புறம்தான் பட்டாணி அளவு கோழித்துண்டு. அந்த நாய் மறைந்ததும் நிறுத்துங்கள். வரிசை மாறினால், தீனிப் பையில் கை போனாலே எங்கோ நாய் வருகிறது என்று கற்றுக்கொள்ளும். தீனியை வெடுக்கென்று பறித்தாலோ வாங்க மறுத்தாலோ நெருங்கிவிட்டீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் நாய் ஓட்டத் திடலுக்குள் போகாதீர்கள்; வெளியே எட்டத்தில் நின்று பார்க்க அது நல்ல இடம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வார இறுதி மாலையில் கூடவே கூடாது. ஞாயிறு காலை காக்கி புக்கிட், உபி தொழிற்பேட்டைத் தெருக்களில் ஆளரவம் குறைவு, ஒதுங்க இடமும் அதிகம்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மிகக் கடினமான இடம் மின்தூக்கி. கதவுக்கு நேரே நிற்காமல் இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். உள்ளே நாய் இருந்தால் “நீங்க போங்க, இவனுக்குப் பயம்” என்று சொல்லி அடுத்ததில் ஏறுங்கள். “எங்க நாய் ஒண்ணும் செய்யாது” என்று யாராவது நெருங்கினால் விளக்கிக்கொண்டிருக்காமல் திரும்பி நடங்கள். கீழ்த்தளத் தூண்கள் பெரிய உதவி: எதிரே நாய் வந்தால் தூணுக்குப் பின்னால் போய், தரையில் ஏழெட்டுத் துண்டுகளைச் சிதறவிடுங்கள். அது குனிந்து மோப்பம் பிடித்து முடிப்பதற்குள் வந்த நாய் கடந்துவிடும்.