‘அம்மோனியா இல்லை’ ஹேர் டை பாக்கெட்: வாங்கலாமா?

மளிகைக்கடையில் ஷாம்பு சரத்தோடு தொங்கும் பொடி டை, கொடுத்த காசுக்கு நன்றாகவே வேலை செய்யும். தண்ணீரில் குழைத்துப் பூசி அரை மணி நேரம் விட்டால் நரை கருத்துவிடும். நிறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘அம்மோனியா இல்லை’, ‘ஹெர்பல்’ என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அம்மோனியா முடியின் மேல்செதிலை விரித்துவிடும். நாற்றமடிக்கும், கண் எரியும், பெரும்பாலும் அதோடு சரி. உண்மையில் பயப்பட வேண்டியது பாரா-ஃபினைலீன்டயமின், சுருக்கமாக பிபிடி. முடிக்குள் புகுந்து, ஆக்சிஜன் ஏறி, நிறமாக மாறும் சிறு மூலக்கூறு இது. பாதி மாறிய நிலையில் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் உடல் அதை எதிரியாகப் பதிந்துகொள்ளும். பல வருஷம் ஒன்றும் ஆகாமல் இருந்தவருக்கும் ஒருநாள் திடீரென்று இமை வீங்கி, காதோரம் நீர் வடிவது இதனால்தான். வந்த அலர்ஜி பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. ஐரோப்பாவில் பூசும் கலவையில் 2 சதவீதத்துக்கு மேல் இதற்கு அனுமதியில்லை.

வெறும் மருதாணி செம்பழுப்புதான் தரும். ‘கருப்பு மருதாணி’ அரை மணியில் கருத்தால் உள்ளே பிபிடியோ அதன் வகையறாவோ இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கப் பொடி எழுத்தில் பெயர் இருக்கும். எந்தப் பட்டியலும் அச்சிடாத பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

டெஸ்ட் செய்யாமல் பூசாதீர்கள். பூசும் பதத்தில் குழைத்து, காதுக்குப் பின்னால் துளி தடவிக் காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். இந்த அலர்ஜி மெதுவாக வருவது. எனவே இன்னொரு நாளும் பொறுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்குக் கருப்பு கோன் வைத்துக் கையில் கொப்புளம் வந்தவர்களுக்கு இந்த டெஸ்ட்கூட வேண்டாம், டையே ஆகாது. புருவம், இமைமுடிக்கு எவருமே போடக் கூடாது. பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை டை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம்.

பிபிடி ஆகாதவர்களுக்கு மருதாணியும், நீலச்சாயம் தரும் அவுரியும் (இண்டிகோ) இருக்கின்றன. மருதாணிப்பொடியைத் தண்ணீரில் குழைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் இரண்டு மணி நேரம் பூசி, ஷாம்பு போடாமல் அலசுங்கள். அடுத்து அவுரிப்பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, 15 நிமிஷத்தில் பூசிவிடுங்கள். வைத்திருந்தால் சாயம் செத்துவிடும். ஒரு மணி நேரம் போதும். முதலில் பச்சையடிக்கும், ஓரிரு நாளில் கருக்கும். அரை நாள் வேலைதான், ஆனாலும் நாங்கள் இதைத்தான் சிபாரிசு செய்வோம். அவுரிப் பாக்கெட்டிலும் பிபிடி கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரித்த டை பாக்கெட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கவே கூடாது. பிபிடி வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். யாராவது விழுங்கிவிட்டால், வீட்டில் வாந்தியெடுக்க வைக்காமல் பாக்கெட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.